பாட்டின் நடுவில்

ஸ்பீக்கரைக் கார் டிக்கியிலிருந்து பாதி இறக்கியிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி குண்டைப் போட்டாள். கையில் பாரம் இருக்கும்போதுதான் என்னிடம் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும், அப்போதுதான் நழுவ மாட்டேன் என்பது கல்யாணமான புதிதிலேயே அவள் கண்டுபிடித்த விஷயம்.

"இன்னிக்கு நீ வட்டத்துக்குள்ள வரலைன்னா நானும் போகமாட்டேன். சொல்லிட்டேன்."

"இத இறக்கி வச்சிட்டுப் பேசலாமா?"

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல. சொல்லியாச்சு." ஸ்டியரிங்கில் கைவைத்தபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தே பேசினாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். பின்னால் வருவதைக் கண்ணாடியிலேயே பார்த்துச் சமாளிக்கும் பழக்கம் வீட்டிலும் போகாது.

பின் சீட்டில் என் மாமியார் இருந்தார். "புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நான் தலையிட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். "ஆனா அவ கேக்கறது நியாயம் மாப்பிள்ளை."

வட்டம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் நாங்கள் கொஞ்சம் பேர் கூடி ஸ்விங் ஆடுகிறோம். டிரம்பெட்டும் டிரம்மும் பியானோவும் கும்மாளம் போடும் பழைய பேண்டு இசைக்கு, ஜோடி சேர்ந்து, முழங்காலைத் தளர்த்திக்கொண்டு துள்ளி ஆடும் ஆட்டம். யாரும் யாருடனும் ஆடலாம். பாட்டு முடிந்தால் ஒரு நன்றி, ஒரு சிரிப்பு, பிறகு அடுத்த ஆள். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் அன்று ஒரு பாட்டு முழுக்க அவருக்கு. எல்லோரும் வட்டமாக நின்று கைதட்டுவார்கள், பிறந்தநாள்காரர் நடுவில் ஆடுவார், ஒருவர் மாற்றி ஒருவராக உள்ளே புகுந்து, ஆடிக்கொண்டிருப்பவரிடமிருந்து அவரைப் பறித்துக்கொண்டு போவார்கள். என் மனைவியை இப்படிப் பறிக்காத ஆளே அந்தக் கூடத்தில் கிடையாது. பஸ் டிரைவர், பல் டாக்டர், தபால்காரர், போன பிறந்தநாளுக்கு முந்தின வாரம் சேர்ந்த கல்லூரிப் பெண்வரை எல்லோரும் பறித்திருக்கிறார்கள். கட்டிய கணவன் மட்டும் பாக்கி. ஏனென்றால் நான் அங்கே டிஜே.

அந்தக் கூடத்தில்தான் எங்களுக்கு அறிமுகமே. ஆரம்ப வகுப்பில் என் காலை மிதித்துவிட்டு, "நீங்க ஏன் காலை அங்க வச்சீங்க?" என்று என்னையே கேட்டவள் அவள். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் சேர்ந்து ஆடினோம். எங்கள் கல்யாணம் முடிந்த கையோடு, அதுவரை பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். "ஒரே ஒரு வாரம் பாத்துக்கோ" என்று கூடத்தை நடத்துகிற செயலாளர் அக்கா என்னைப் பிடித்து மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

வார நாட்களில் எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையும் கிட்டத்தட்ட அதே வேலைதான், காதுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடும்போது அடுத்ததற்கு எதைப் போடலாம் என்று ஹெட்போனில் இன்னொன்றை ருசி பார்ப்பேன். முகத்தைப் பார்க்கமாட்டேன், கால்களைத்தான் பார்ப்பேன். மூச்சு வாங்குகிற கால், இன்னும் பசியோடு இருக்கிற கால், சுவரோரமாக நின்று கட்டைவிரலால் மட்டும் தாளம் போடுகிற கூச்சக்காரக் கால் என்று எல்லாவற்றுக்கும் பந்தி பரிமாற வேண்டும். தொடர்ந்து வேகமாகப் போட்டால் பல் டாக்டர் குஷியாகிவிடுவார், புதியவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். தொடர்ந்து மெதுவாகப் போட்டால் கூடம் தூங்கிவிடும். தப்பான பாட்டைப் போட்டால் முதலில் ஒரு ஜோடி தண்ணீர் குடிக்கப் போகும். பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கும். காலியான தரையைவிட டிஜேக்கு வேறு கெட்ட கனவு இல்லை.

அன்றைக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உயரமான ஜன்னல்களிலிருந்து வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. கூடைப்பந்துக் கோடுகளின் மேல் ஜோடிகள் சுழன்றன. மாமியார் வழக்கம்போல என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விமரிசனம் செய்துகொண்டிருந்தார். இத்தனை வருஷம் தையல் கடை நடத்தியவர், அவர் கண்ணுக்கு ஆட்டம் தெரியாது, தையல்தான் தெரியும். "அந்த மஞ்சள் பாவாடைக்கு இடது பக்கம் கீழ்மடிப்பு தொங்குது பாருங்க. சுத்தும்போது எப்படிக் கோணிக்கிட்டுப் போகுது!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை, நிஜமாவே உங்களுக்கு ஆடத் தெரியுமா? இல்ல அவ சும்மா சொல்றாளா?"

"தெரியும் அத்தை. ஒரு காலத்துல."

"அப்ப போய் ஆட வேண்டியதுதானே?"

"இதை யாரு பாக்கறது?" என்று மேசைமேல் இருந்த பாட்டுப் பெட்டியைக் காட்டினேன்.

"அது பெட்டிதானே, ஓடிப்போயிடுமா?"

ஒரு பாட்டு முடிந்ததும் பெட்டி நின்றுவிடும்படி வைத்திருக்கிறேன், தானாக அடுத்ததுக்குத் தாவவிட்டால் அது சமயசந்தர்ப்பம் தெரியாமல் எதையாவது எடுத்துவிடும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். சாக்கு என்று தெரிந்த தலையாட்டல். அடுத்த பாட்டை முன்கூட்டியே வரிசையில் வைத்துவிட்டுப் போவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சங்கதி வேறு. இத்தனை வருஷம் மற்றவர் கால்களை எடைபோட்டே உட்கார்ந்திருந்துவிட்டேன். என் காலை நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே நாற்காலியை மேசைக்குள் இன்னும் இழுத்துப் போட்டுக்கொள்வேன். எந்தச் சுவரோரத்துக் காலையும்விட என் கால்தான் கூச்சக்காரக் கால்.

செயலாளர் அக்கா தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டினார். "இன்னிக்கு யாருக்குப் பிறந்தநாள்னு சொல்லணுமா?" கூடம் முழுக்க ஓ என்றது. வட்டம் கட்டினார்கள். நான் எப்போதும் என் மனைவியின் பிறந்தநாளுக்குப் போடும் பாட்டைப் போட்டேன். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். கிளாரினெட் சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கும், வேகமும் இல்லை மந்தமும் இல்லை, முடிவில் டிரம் மூன்று தட்டுத் தட்டிக் கதவைச் சாத்தும். பழக்க தோஷத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த பாட்டைத் தேட ஆரம்பித்தேன்.

தலையைத் தூக்கியபோது வட்டத்தின் நடுவில் யாரும் இல்லை. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி வட்டத்தின் விளிம்பில், பஸ் டிரைவருக்கும் தபால்காரருக்கும் நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை. என்னைப் பார்த்துக் காத்திருந்தாள், அவ்வளவுதான். கிளாரினெட் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. காலியான தரை. அதுவும் அவள் பிறந்தநாளில், அவளுக்கென்று போட்ட பாட்டில். அவள் முகத்தில் கொஞ்சம் பயம்கூட இருந்ததுபோலத் தோன்றியது, நான் வராமலே இருந்துவிடுவேனோ என்று. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். "அத்தை, எதையும் தொட்டுடாதீங்க."

"நான் ஏன் தொடப் போறேன்? போங்க, போங்க. சட்டைய உள்ள விடுங்க முதல்ல."

வட்டம் எனக்கு வழிவிட்டது. யாரோ விசிலடித்தார்கள். பல் டாக்டர், "அட, இவருக்குக் கால் இருக்கா!" என்று கத்தினார். மேசைக்குக் கீழே என்னிடம் என்ன இருக்கிறதென்று அவர் இத்தனை நாளும் யோசித்திருக்க வேண்டும். கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பதற்றப்படாதே என்று சொல்லித் தருகிறவளின் கை.

முதல் அடியே தப்பு. ஆணாகப்பட்டவன் வழிநடத்த வேண்டும் என்றெல்லாம் எங்கள் கூடத்தில் சட்டம் இல்லை, யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஆனாலும் பழைய நினைப்பில் நான் இடது பக்கம் இழுக்க, அவள் வலது பக்கம் போக, இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே வந்து வழிவிடத் தெரியாமல் தவிக்கிற ஆட்களாகிவிட்டோம். கைகாலெல்லாம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காதருகே வந்தாள்.

"கிளட்ச்ச மெதுவா விடு."

"ஏய், எல்லாரும் பாக்கறாங்க."

"ரோட்டப் பாரு. மத்த வண்டியெல்லாம் எதுக்கு?"

அவளே ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அதன்பிறகு முழங்கால் தளர்ந்தது. ஒரு சுற்று சரியாக வந்தது, இன்னொன்றும் வந்தது. வட்டத்தில் கைதட்டல் ஏறியது. தரை என் செருப்பு வழியாகத் துள்ளுவது தெரிந்தது. மேசையில் உட்கார்ந்திருக்கும்போது இந்தத் துள்ளல் எனக்கு வந்ததே இல்லை. அப்போதுதான் அது கேட்டது. கிளாரினெட் ஓய்ந்து, டிரம் அடங்கி, பியானோ மட்டும் தனியாக, யாரோ மாடிப்படியில் தாவித் தாவி இறங்குகிற மாதிரி இறங்கி, கடைசிப் படியில் வேண்டுமென்றே நின்று, ஏமாற்றிவிட்டு, மறுபடி மேலே ஓடியது. நான் ஆட்டத்தின் நடுவிலேயே நின்றுவிட்டேன்.

"இதுல இப்படி ஒரு பியானோ இருக்கா?"

"எப்பவும் இருக்கே" என்றாள், என்னை இழுத்துச் சுழற்றிவிட்டபடி. "இது வர்றப்ப நீ அடுத்த பாட்டுக்குப் போயிருப்ப."

வேண்டுமென்று சொன்னதாகத் தெரியவில்லை, கார் ஓட்டும்போது சிக்னல் மாறிவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் எனக்கு எங்கேயோ போய்த் தைத்தது. எத்தனையோ தடவை நானே போட்ட பாட்டு. அதன் ஆரம்பம் தெரியும், முடிவு தெரியும். என்னிடம் உள்ள எல்லாப் பாட்டுகளிலும் எனக்கு ஆரம்பமும் முடிவும்தான் தெரியும். ஒன்று நடுவில் ஓடும்போது என் காதில் வேறொன்றின் ஆரம்பம் இருக்கும். அவளுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், எதனால் பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பஸ் டிரைவர் வழக்கப்படி பறிக்க வந்தார். கையை நீட்டி, இடுப்பை ஆட்டி, நல்ல தோரணையாகத்தான் வந்தார். அவள் தலையை அசைத்து, "இன்னிக்கு ஸ்டாப் கிடையாதுண்ணா" என்றாள். அவர் அப்படியே ஒரு யூ டர்ன் அடித்து வட்டத்துக்குத் திரும்பினார், அதற்கும் கைதட்டினார்கள். பியானோ கடைசி முறையாக இறங்கி வந்து கிளாரினெட்டோடு சேர்ந்துகொண்டது. அது எனக்குத் தெரிந்த இடம். இனி கொஞ்ச நேரத்தில் டிரம் கதவைச் சாத்தும். அடுத்து எதையும் நான் வைத்துவிட்டு வரவில்லை.

என் உடம்பு தானாக மேசைப் பக்கம் திரும்பியது. "நின்னுடும், அடுத்தது போடணும்" என்றேன். கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் பிடி இறுகியது.

"பிரேக்ல கால வைக்காத."

"பாட்டே இருக்காது!"

"பரவால்ல."

டிரம் மூன்று தட்டுத் தட்டியது. பாட்டு முடிந்தது. எந்த டிஜேயும் தன் கூடத்தில் கேட்க விரும்பாத அமைதி வந்தது. ஒருவர் மூச்சு விடுவது இன்னொருவருக்குக் கேட்டது. செயலாளர் அக்கா என்னைப் பார்த்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அவள் கால் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்ற செய்தியே தன்னை வந்து சேராத மாதிரி அவள் அடுத்த அடியை எடுத்து வைத்தாள், அதற்கடுத்ததையும் வைத்தாள். அவள் ஷூ தரையில் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பஸ் டிரைவர் குதிகாலைத் தரையில் தட்ட ஆரம்பித்தார். தபால்காரர் அதற்கு இடைவெளியில் கைதட்டினார். பல் டாக்டர் வாயாலேயே டிரம்பெட் வாசித்தார், படுமோசமாக. வட்டம் மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் பாவாடைக்காரி பொறுக்கமுடியாமல் கல்லூரிப் பெண்ணை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள், பின்னாலேயே இன்னும் இரண்டு ஜோடி. சுவரோரக் கால் ஒன்றுகூடச் சுவரை விட்டு வந்துவிட்டது. என் மனைவி சத்தமாகச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பை இவ்வளவு பக்கத்தில் கேட்டு. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. இரண்டையும் அடக்கவில்லை.

ஒரு சுழற்சியில் மேசை என் கண்ணில் பட்டது. மாமியார் சொன்ன சொல் காப்பாற்றவில்லை. நாற்காலியை நகர்த்தி என் இடத்தில் உட்கார்ந்து, ஹெட்போனை எடுத்துக் கொண்டையைக் கலைக்காமல் பதமாக மாட்டிக்கொண்டிருந்தார். நான் பாதியில் விட்டுவந்த ஏதோ ஒரு பாட்டு அதற்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கைதட்டலுக்குச் சற்றும் பொருந்தாத வேறொரு தாளத்தில், கண்ணை மூடிக்கொண்டு, அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்தது என்ன பாட்டு?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியலையே" என்றேன். மேசைக்குக் கீழே மாமியாரின் ஒற்றைக் கால் தையல் மிஷினை மிதிப்பதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.