முகத்துவாரத்துச் சேறு

செங்கலடிக்கு முன்னாலிருந்த சோதனைச்சாவடியில் இறங்கும்போதுதான் ஆர்த்திகாவுக்கு உறைத்தது. இரண்டு முனையும் மூடி, கறுப்பு டேப் சுற்றிய பார்த்தால் குண்டு போலிருக்கும் பிளாஸ்டிக் குழாயை, யுத்தம் நடக்கும் 2008ஆம் ஆண்டில் எந்த முட்டாளாவது பஸ்ஸில் கொண்டுபோவாளா? கம்பஸில் நான்கு வருடம் படித்த முட்டாள் கொண்டுபோவாள். உள்ளே வாவியின் அடிச்சேறு, அதன்மேல் ஒரு சாண் தண்ணீர். நீரோட்டம் கூடக்கூடச் சேற்றிலிருந்து எவ்வளவு சத்து நீரில் கரைகிறது, எப்போது வாவி பச்சையாகி மீன் மூச்சடைத்துச் சாகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. கேட்ட கண்ணாடிக் குழாய் கொழும்பிலிருந்து வரவேயில்லை. தோணிக்காரன் ஜெயரூபன்தான் சுனாமி வீட்டுத்திட்டத்தில் மிஞ்சிய குழாயை அறுத்து, முகத்துவாரத்தில் மூழ்கிச் சேறெடுத்துக் கொடுத்தான். நாளை அங்கே மண்திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுகிறார்கள். அங்குள்ள சேறும் அதோடு போய்விடும், இன்னொன்று எடுக்க முடியாது.

குலுங்கினால் எல்லாம் கலங்கிப் பாழ். அதனால் ஜெயரூபனும் கூடவே பஸ்ஸேறி, வழி முழுக்க அதைக் கைப்பிள்ளை போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். இப்போதும் அது அவன் கையில்தான் இருந்தது.

சிப்பாய் குழாயைக் கண்டான். அவனுடைய துவக்கு ஜெயரூபனின் நெஞ்சைக் குறிபார்த்து நிமிர்ந்தது. வரிசையில் நின்ற சனம் கண்மூடித் திறப்பதற்குள் ஒதுங்கிவிட்டது.

"என்ன இது?"

"சேறு, சேர். என்ட சேறுதான், படிப்புக்கு," என்றாள் ஆர்த்திகா.

சிப்பாய் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நீ திற," என்றான் ஜெயரூபனிடம்.

ஜெயரூபன் தார் றோட்டில் குந்தி மூடியைக் கழற்றினான். குழாயை மெல்லச் சரித்து, நூல் போலத் தண்ணீரை வடியவிட்டான். தண்ணீர் தெளிவாகவே வந்தது.

"கெதியா!" என்று சிப்பாய் அவசரப்படுத்தினான். துவக்கு அவன் பிடரியைத் தொட்டது.

"கொட்டிருங்க அண்ணன்!" என்றாள் ஆர்த்திகா.

"மெல்ல ஊத்தினாக் கலங்காதெண்டு நீங்கதானே சொன்னீங்க, தங்கச்சி," என்றான் அவன், தலை நிமிராமல். "சேறாவது மிஞ்சட்டும்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனிசனை மாட்டிவிட்டது நான்தான். குழாயைப் பறித்துத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். கறுத்த சேறு பொத்தென்று விழுந்தது. நாற்றத்தில் சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கம்பால் கிண்டிப் பார்த்தான். சேறு மட்டும்தான் இருந்தது. ஆனாலும் ஜெயரூபனின் அடையாள அட்டையை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நீ போ. இவன் நிக்கட்டும்."

பஸ் ஹோர்ன் அடித்தது. "ஏறுங்க புள்ள, போவம்!" என்று கொண்டக்டர் கத்தினான்.

"ஏறுங்க தங்கச்சி," என்றான் ஜெயரூபனும்.

ஆர்த்திகா பஸ்வரைக்கும் போனாள். தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவன் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தாள். பஸ் புறப்பட்டுப் போனது. சேற்றிலிருந்து கசிந்த கறுப்புத் தண்ணீர் தாரில் பரவி இருவரின் கால்களையும் நெருங்கியது. இருவரும் காலை இழுக்கவில்லை.