சிவப்பு நூல் முடிச்சு

இப்படி ஒரு ஓரகத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஜெபக்கூடத்துப் பெண்கள் வாய்க்கு வாய் சொன்னார்கள். சொல்லாமல் இருப்பார்களா? கொழுந்தன் மனைவிக்கு வேலை போன நாளிலிருந்து பெரியவள் அவளைத் தலைமேல் வைத்துத் தாங்கினாள். வேலைக்குப் போகும் வழியில் சின்னவள் வீட்டில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டுத்தான் போவாள். சின்னவள் வீட்டு அழுக்குத்துணி வெளுத்துப் பெரியவள் வீட்டுக் கொடியில் காயும். சின்னவளின் நாலு வயது மகள், தெருவே வாலு என்று கூப்பிடும் சண்டி, சாயங்காலமானால் பெரியம்மா வீட்டில்தான் கிடப்பாள். இது போதாதென்று ஜெபக்கூடத்தைப் பெருக்குவது, நாற்காலி துடைப்பது, யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்பது. வாரத்தில் ஒருநாள் உபவாசம் வேறு.

அவள் புருஷன் பஸ் ஓட்டிக் களைத்து வருகிறவன். கட்டிலோரம் முழங்காலில் கிடப்பவளைப் பார்த்து, "ஏம்மா, அந்தக் கடவுளையாவது கொஞ்சம் நிம்மதியா இருக்க விடேன்" என்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. எப்படி வரும்? செய்து வைத்திருந்த காரியம் அப்படி.

இரண்டு பேரும் ஒரே சலவைக்கூடத்தில் அடுத்தடுத்த மேஜையில் துணி தேய்த்தவர்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தேய்த்து முடித்த துணியின் உள்தையலில், தேய்த்தவள் தன் நூலால் ஒரு முடிச்சுப் போட வேண்டும். பெரியவளுக்குப் பச்சை, சின்னவளுக்குச் சிவப்பு. புகார் வந்தால் முடிச்சைப் பார்த்தால் போதும், யார் கை என்று தெரிந்துவிடும். போன வருஷம் ஒருநாள் மத்தியானம் படுக்கை விரிப்புகளாகத் தேய்த்துத் தள்ளிவிட்டு, பெரியவள் அதே கையோடு ஒரு கல்யாணப் பட்டு உடையை எடுத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைக்க மறந்து போனாள். வைத்ததுதான் தாமதம், நெஞ்சுப் பக்கத்தில் பழுப்பாக ஒரு தடம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்னவள் சாப்பிடப் போயிருந்தாள். அவள் மேஜையில் சிவப்பு நூல்கண்டு கிடந்தது.

சின்னவளைக் கெடுக்க வேண்டும் என்று பெரியவள் நினைத்தாளா என்றால், சத்தியமாக இல்லை. ஆனால் அந்தப் பட்டில் சிவப்பு முடிச்சைப் போட்டது அவள் கைதான். சின்னவள் நான் இல்லை, நான் இல்லை என்று தொண்டை வறளக் கத்தினாள். யார் கேட்டார்கள்? அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். பெரியவள் குனிந்த தலை நிமிராமல் அடுத்த துணியைத் தேய்த்தாள்.

அதன்பிறகு எத்தனை ஜெபம்! ஆண்டவரிடம் அழுது அழுது மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்திருப்பார் என்றும் நம்பினாள். ஆனாலும் சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிவப்பு முடிச்சு கண்முன் வந்து நிற்கும். உடனே ஓடிப்போய் அவளுக்கு இன்னொரு வேலை செய்து கொடுப்பாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராகச் சாட்சி சொல்லும் நேரத்தில் சின்னவள் எழுந்து நின்றாள்.

"வேலை போனப்ப எனக்கு ரொம்பக் கோபம். நான் கருக்கலன்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். இப்ப யோசிச்சுப் பாத்தா, என் நூல்தானே இருந்துச்சு? நான்தான் ஏதோ நினைப்புல கருக்கிட்டு மறந்திருக்கேன். என் புத்தியே எனக்குச் சந்தேகமா இருக்கு. ஆண்டவர் அந்தத் தப்ப மன்னிச்சு, எங்க அக்காவையும் எனக்குத் துணையா கொடுத்திருக்கார்."

கூட்டம் முழுக்க ஆமென் என்றது. பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. அடிப்பாவி, அவளுடைய வேலையைப் பறித்தது போதாதென்று, அவளுக்குத் தன்மேலேயே இருந்த நம்பிக்கையையும் பறித்துவிட்டாயே என்று உள்ளே ஒரு குரல் அறைந்தது. இதற்கு எந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோய் ஈடு கட்டுவது?

அன்று மத்தியானமே சின்னவளின் சமையலறையில் போய் நின்றாள். சின்னவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்யாணப் பட்டுத்துணியக் கருக்கினது நான்தான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"நான்தான் கருக்கினேன். உன் நூல எடுத்து முடிச்சுப் போட்டதும் நான்தான்."

சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் பண்ணல."

"இல்ல."

"எனக்குப் புத்தி கெட்டுப் போகல."

"இல்லடி தங்கம்..."

"தங்கம்னு கூப்பிடாதீங்க!" சின்னவள் எழுந்தே விட்டாள். "இத்தன நாளா பாத்திரம் பாத்திரமா கொண்டு வந்து கொட்டினீங்களே, அது எனக்காகவா? உங்க மனசு குத்துதேன்னா? நான் மடச்சி, கும்பல்ல நின்னு உங்களுக்காக ஸ்தோத்திரம் பண்ணினேன். போங்க. உங்க பாத்திரத்தையும் எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் காலை சலவைக்கூடத்தில், எல்லாரும் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பெரியவள் முதலாளியம்மாவின் முன் போய் நின்று நடந்ததைச் சொன்னாள். "இவ்வளவு நாள் கழிச்சு வந்து சொல்றியே, இதுல எனக்கென்ன லாபம்?" என்று அந்த அம்மா எரிந்து விழுந்தாள். "அவ பண்ணலன்னு எல்லாருக்கும் தெரியணும்மா" என்று பெரியவள் மேஜைகளின் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி இன்னொரு தடவை சொன்னாள். அவள் வேலை போயிற்று. சாயங்காலத்துக்குள் சின்னவளைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்பார்களே, அதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பழக்க தோஷத்தில் மறுபடியும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். சின்னவள் கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து திண்டாடினாள்.

"கொஞ்சம் சும்மா உக்காரேன்" என்றான் புருஷன்.

"சும்மா உக்காந்தா அவ எப்படிங்க என்ன மன்னிப்பா?"

"செஞ்சா மட்டும் மன்னிச்சிடுவாளா? மன்னிப்பு என்ன கூலியா, வேல பாத்து வாங்க?"

சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு ஜெபத்தில் அதைச் செய்கிறேன், இதைச் செய்கிறேன் என்று எந்த வாக்கும் கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. "என் கையில ஒண்ணும் இல்ல ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் வாசலில் சின்னவள் நின்றாள், கையில் வாலுவைப் பிடித்தபடி.

"இன்னைலருந்து வேலைக்குப் போறேன். இவள இங்க விட்டுட்டுப் போகலாமான்னு கேக்க வந்தேன்."

பெரியவளுக்கு உயிரே திரும்பி வந்தது. "விட்டுட்டுப் போம்மா! நான் பாத்துக்கறேன். சாயங்காலம் உனக்கும் சேத்து சமைச்சு, அந்தத் துணியெல்லாம்கூட..."

"நிறுத்துங்க." சின்னவள் கையைக் காட்டினாள். "எனக்கு இன்னும் கோபம் போகலக்கா. உங்களப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. ஆனா நேத்து ஜெபம் பண்ண உக்காந்தேன். செய்யாத தப்புக்கே மன்னிப்பு வாங்கிட்டு வந்தவ நான். செஞ்ச தப்பு எத்தனையோ இருக்கு, அதையும் அவர் மன்னிச்சிருக்கார். அதுக்காக நான் யாருக்கும் துணி தொவச்சுப் போடலயே? உங்கள மன்னிச்சிட்டேன். கோபம் போறப்ப போகட்டும்."

பெரியவளுக்குக் கண்ணை நீர் மறைத்தது. "நான் என்னடி செய்யணும்?"

"எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். இவளுக்குப் பெரியம்மாவா இருங்க, போதும். தப்பு பண்ணா திட்டுங்க. ஒரு வருஷமா ஒரு சொல்லு சொல்லாம, கேட்டதெல்லாம் கொடுத்து, குரங்காக்கி வச்சிருக்கீங்க."

சின்னவள் விறுவிறுவென்று போய்விட்டாள். பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரோ காசு வாங்காமல் கையில் வைத்துவிட்டுப் போன பொருளைப்போல, அந்த மன்னிப்பை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை பொங்கிப் பொங்கி வந்தது.

உள்ளே தடாலென்று சத்தம். ஓடிப் பார்த்தால், வாலு நாற்காலிமேல் ஏறிச் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்திருந்தாள். தரையெல்லாம் சர்க்கரை. கொஞ்சமும் பயமில்லாமல், வாய் நிறைய மென்றுகொண்டு பெரியம்மாவைப் பார்த்தாள்.

"எறங்குடி கீழ!" என்று பெரியவள் போட்ட சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. "யாரக் கேட்டு மேல ஏறின? விழுந்து மண்டை உடஞ்சிருந்தா என்னடி ஆகிறது?"

வாலுவின் வாய் பிளந்தது. மெல்வது நின்றது. உதடு பிதுங்கி, ஓவென்று அழுகை கிளம்பியது. அழுதுகொண்டே நாற்காலியிலிருந்து இறங்கி ஓடிவந்து, திட்டியவளின் வயிற்றிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெரியவள் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே துடைப்பத்தைத் தேடினாள்.