குடும்பத்து மூக்கு

அன்று மக்ரிப் தொழுகைக்குப் பிறகு சூலியா ஸ்ட்ரீட் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் அப்துல் அஜீஸ், அவர் மனைவி சித்தி ஆயிஷா, மருத்துவம் கடைசி வருடம் படிக்கும் மகள் நஸீஹா, மைத்துனர் ஹாஃபிஸ். மகன் அஃபிக் மாடிக் குளியலறையில் இருந்தான். மாலை அசர் தொழுகையிலிருந்தே அங்கேதான்.

அவனை மாப்பிள்ளை பார்க்கப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பெண்வீட்டார் கிளம்பிவிட்டார்கள். அப்துல் அஜீஸ் வாசலுக்கும் மாடிப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர் கொடுத்த வாக்கு இதுவரை தவறியதில்லை.

“அவனுக்கு மூக்கு கோணலாம் மச்சான். எல்லை தாண்டி ஹாட்யாய்ல ஆப்பரேஷன் செஞ்சிட்டா முடிஞ்சது லா,” என்றார் ஹாஃபிஸ்.

“அது எங்கத்தா மூக்கு. என் மூக்கு. கோணல்னா யாரைச் சொல்றான்?”

“அதான் நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பரீட்சைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நஸீஹா நிமிர்ந்தாள்.

“அத்தா, ஒரு கேள்வி. இளவயசுப் பையன். மூக்கு அசிங்கம்னு மணிக்கணக்கா கண்ணாடி முன்னால நிக்கிறான். டாக்டர் பார்த்தா மூக்குல ஒன்னுமில்ல. என்ன செய்யணும்?”

“ஒன்னுமில்லடான்னு அதட்டிச் சொல்லணும்.”

“தப்பு.”

“அப்ப ஆப்பரேஷன்,” என்றார் ஹாஃபிஸ்.

“அதுவும் தப்பு மாமா. மூக்கை மாத்தினாலும் அவன் கண்ணுக்குக் கோணலாத்தான் தெரியும். ‘பார்த்தா ஒன்னுமில்ல’, அந்த வரியை வச்சுத்தான் பரீட்சையில நோயைக் கண்டுபிடிப்போம். நம்ம வீட்டுல அதைத் தினமும் சொல்றோம்.”

அஃபிக்குக்குப் பாயான் லெப்பாஸ் கணினிச் சிப் தொழிற்சாலையில் கண் மட்டும் தெரிய உடல் முழுக்க மூடிக்கொண்டுதான் வேலை. அவன் எந்த ஓவர்டைமையும் விட்டதில்லை. மகனின் உழைப்பென்று அப்துல் அஜீஸ் பள்ளிவாசலில் பெருமை பேசியிருக்கிறார்.

“என்ன நோய்?”

“மனசுல வர்ற நோய் அத்தா. மருந்து இருக்கு. பேசிச் சரிபண்ற வைத்தியமும் இருக்கு.”

நம் குடும்பத்தில் அப்படி யாரும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தார். வாசலில் கார் வந்து நின்றது. சித்தி ஆயிஷா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கணவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் மாடி ஏறினார்.

“அஃபிக், வெளிய வர வேணாம். உனக்கு என்ன தெரியுதுன்னு சொல்லு. கேக்குறேன்.”

உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, “திட்டுவீங்க அத்தா.”

“திட்டலை.”

கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே பெண்வீட்டார் தேத்தண்ணீர் குடித்துவிட்டு முகம் கறுத்துத் திரும்பினார்கள்.

மறுவாரம் பள்ளிவாசல் முற்றத்தில் பேச்சு வேறாக இருந்தது. அஃபிக்குக்கு ஹாட்யாயில் ஒருத்தி இருக்கிறாள், அதனால்தான் ஒளிந்துகொண்டான் என்றார்கள். ஹாஃபிஸ் அப்துல் அஜீஸின் காதோரம் குனிந்தார். “அப்படியே இருக்கட்டும் மச்சான். பைத்தியம்னு சொல்றதுக்கு இது தேவல.”

வெளியே சொல்லலாமா என்று அஃபிக்கிடம் முதல்நாளே கேட்டு வைத்திருந்தார் அப்துல் அஜீஸ். தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “ஹாட்யாய்ல ஒருத்தியும் இல்ல. என் மகனுக்கு மனசுல நோய். வைத்தியம் நடக்குது. நான்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்.”