குளோரைட்டுக் கதவு

கல்முனையில் ஸாஜித் சேரின் உயிரியல் கருத்தரங்கு என்றால் மாணவர்களை உள்ளே விட்டு மண்டபக் கதவை வெளியில் பூட்டிவிடுவார்கள். அது சேரின் ஏற்பாடு. அறிவு ஒழுகிப் போகக் கூடாதாம். கைபேசிகள்கூட, பிள்ளைகள் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் வாசற்காவலர் றிம்சானின் பெட்டிக்குள். முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று சேர் தன்னுடையதையும் அதற்குள் போட்டிருந்தார்.

'உயிரியல் சக்கரவர்த்தி' என்ற பதாகையின் கீழ் நின்று சிறுகுடல் பாடத்தைத் தொடங்கும்போதே சேரின் வயிறு ஒருமுறை புரண்டது. நேற்றைய வலீமாக் கல்யாண விருந்துக்குப் பிரதம அதிதியின் மரியாதையோடு பிந்திப் போய், ஆறிப்போன இறைச்சியைத் தின்ற வினை.

"குடலின் மேலணிக் கலங்களில் குளோரைட்டுக் கால்வாய்கள் உண்டு. வயல் மதகு மாதிரி. அளவோடு திறந்தால் குடல் ஈரமாக இருக்கும். கிருமியின் நஞ்சு வந்து மதகைத் திறந்தபடியே வைத்துவிட்டால்…"

மறுபடி புரண்டது. நெற்றி வியர்த்தது. கழிப்பறையோ வெளியே, முற்றத்தின் அந்தக் கரையில். முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு, சக்கரவர்த்தி நடையில் மேடையை விட்டு இறங்கினார். ஏதோ நடித்துக் காட்டுகிறார் என்று முன்வரிசை அதையும் குறிப்பெடுத்தது.

கதவை மெல்லத் தட்டினார்.

"போய் இருந்து படிங்க மகன்," என்றது வெளியிலிருந்து றிம்சானின் குரல்.

"நான் ஸாஜித் சேர். கதவத் தொறங்க."

"போன கிழமையும் ஒருத்தன் இப்பிடித்தான் சேர்ட குரல்ல கதச்சான். தொறந்ததுக்குச் சேர் ஏசின ஏச்சு இன்னும் காதுக்குள்ள நிக்கிது."

சேர் கெஞ்சினார். வல்லாஹி என்று சத்தியம் பண்ணினார். போன கிழமைக்காரனும் வல்லாஹி சொன்னதாக றிம்சான் அறிவித்தார். மண்டபம் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சேரெண்டா அந்தக் குளோரைட்டுக் கதையச் சொல்லுங்க பாப்பம். அது இன்னும் ஒரு புள்ளைக்கும் பாடமில்ல."

கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கால்களைப் பின்னிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேர் சுருக்கமாகப் பேசினார்.

"நஞ்சு மதகத் தொறக்கும். குளோரைட்டு குடலுக்குள்ள பாயும். அதுக்குப் பின்னால சோடியம் போகும். ரெண்டுக்கும் பின்னால…"

"பின்னால?"

"தண்ணி."

வெளியே றிம்சான் யோசிப்பது கேட்டது.

"சேர் இத அரை மணித்தியாலம் சொல்லுவாரே. உண்மையச் சொல்லுங்க, நீங்க ஆரு மகன்?"

சேரின் பின்னியிருந்த கால்கள் மெல்லத் தளர்ந்தன.

முன்வரிசையிலிருந்து அப்ரா எழும்பி வந்தாள். நிலத்தைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"சேர்தான் றிம்சான் காக்கா. தொறங்க. எங்களுக்குப் பாடம் விளங்கிட்டு."