வால்வு ஓட்டை

வெறும் ரிம் மடியில் கிடக்கிறது, மச்சான் அதன் மேல் குனிந்திருக்கிறார், வலது கை கம்பியை நீட்டுகிறது, இடது கை அதை வாங்கத் தெரியாமல் நிற்கிறது, வாங்கு, வாங்கித் தொலை என்று அந்தக் கையை மனசுக்குள் திட்டிக்கொண்டே நான் யாருடைய பஞ்சரையோ ஒட்டிக்கொண்டிருக்கிறேன், அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சைக்கிள் கடை இது, எங்கள் என்றால் எனக்கும் அக்கா புருஷன் காத்தமுத்து மச்சானுக்கும், செயினும் பிரேக்கும் நான், சக்கரம் அவர், பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் அப்பாவின் சைக்கிள் ஆட்டம் போடுவதைப் பார்த்துவிட்டுக் கேசரித் தட்டைக் கீழே வைத்து ஸ்பேனர் கேட்ட ஆள், கதவுக்குப் பின்னால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுகிறாள், போன வருஷம் வாதம் வந்து அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது.

பேச்சு போகவில்லை, பேசத்தான் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று, டம்ளரைத் தூக்கினால் ஆஹா என்கிறார்கள், சட்டைப் பொத்தானைப் போட்டால் ஆஹா, பால்வாடிப் பிள்ளையைப் போலக் கொஞ்சினால் எந்த மனுஷனுக்குப் பொறுக்கும், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார், அந்த நாட்களில் எனக்கு ஒரு கனவு வரும், கடையில் தொங்கும் டயர்களுக்கு நடுவே கொக்கியில் அவருடைய கை தொங்கும், யாரோ வந்து இது ஓடுமா என்று கேட்பார்கள், நான் பதில் சொல்லாமல் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். கடைசியில் அக்காதான் கெஞ்சிக் கூத்தாடி இன்று கடைக்குக் கூட்டிவந்தாள், என்னை ஓரமாக இழுத்து, இந்தா பாரு, அவரு என்ன செஞ்சாலும் நல்லாருக்குன்னு சொல்லு, நீ பாட்டுக்கு உன் துடுக்கு வாயத் தொறந்து வச்சே, மனுசன் மறுபடி போயிப் படுத்துக்குவாரு, அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு, என்றாள், சரிக்கா என்றேன், வேறு என்ன சொல்வது.

சமோசா விற்கும் ஜபருல்லா பாயின் பின் சக்கரத்தில் மினி பஸ் ஏறிவிட்டது, அச்சு மட்டும்தான் தப்பியது, ரிம்மும் கம்பிகளும் புதுசு, மாலைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் பாய். மச்சான் கோர்க்கிறார், கம்பி நழுவுகிறது, எடுக்கிறார், நழுவுகிறது, நான் எழுந்து போகவில்லை, எழுந்து போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், வெயில் படிவரை ஏறிவந்தபோது சக்கரம் முழுசாகிவிட்டது, கோட்டம் பார்க்கும் கவட்டையில் மாட்டிச் சுற்றிவிட்டார், சாக்பீஸை ஓரத்தில் பிடித்தேன், எங்கும் தொடவில்லை, ஒரு கோட்டம் இல்லை, சக்கரம் மெல்ல நின்றது, நின்ற பிறகுதான் பார்த்தேன்.

வால்வு வெளியே வரும் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் கம்பிகள் விலகி நிற்க வேண்டும், அப்போதுதான் பம்பின் வாய் உள்ளே நுழையும், இதில் இரண்டு கம்பிகள் அந்த ஓட்டைக்கு நேர் மேலே குறுக்காகப் போகின்றன, முதல் கம்பியை ஒரு ஓட்டை தள்ளிக் கோர்த்திருக்கிறார், இனி அத்தனையையும் பிரித்தால்தான் உண்டு. நல்லாருக்கு மச்சான், நீங்க வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டு நானே பிரித்துக் கோர்த்துவிடலாம், யாருக்கும் தெரியாது, அதைத்தான் செய்ய இருந்தேன், எப்படிடா இருக்கு மாப்ள என்று அவர் கேட்டார், முகத்தைப் பார்த்தேன், அந்த முகத்துக்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை, சக்கரம் சுத்தமா ஓடுது மச்சான், ஆனா காத்த எந்த வழியா அடிக்கிறதாம், பாய் வாயால ஊதிக்குவாரா, என்றேன்.

அவருடைய இடது கை, அந்தச் செத்த கை, மெல்ல வந்து குறுக்கே போன கம்பியைத் தடவியது, எவன்டா இத இப்படிக் கோத்தது என்றார், நீங்கதான் என்றேன், கூறுகெட்டவனே, பக்கத்துல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தியே, கோக்கும்போதே சொன்னா உன் வாயி தேஞ்சா போகும், என்று பிடித்துக்கொண்டார், ஒரு வருஷத்துத் திட்டு மொத்தமாக வந்தது, நான் குனிந்துகொண்டேன், திட்டட்டும், இன்னும் திட்டட்டும் என்றிருந்தது.

சாப்பாட்டுத் தூக்கோடு அக்கா வந்தபோது கம்பிகள் எல்லாம் தரையில் கிடந்தன, வெறும் ரிம் மடியில், அக்காவுக்கு முகம் செத்துப்போனது, பாவி, என்னத்தடா சொல்லித் தொலைச்ச என்பது போல என்னைப் பார்த்தாள், அவர் தலை நிமிராமல் ஒரு கம்பியை எடுத்து, வால்வு ஓட்டையிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே, தப்பாக் கோத்துட்டேன்டி, நானேதான், சோத்த மூடி வையி, இத முடிச்சுட்டு வர்றேன், என்றார், அவ்வளவு பெருமையாக.