ஒருநாள் வைத்த தண்ணீர்

வாளி அண்ணனுக்குக் காலை பத்து மணிக்கே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் அதே கேள்வி. மீன்கள் தண்ணீருக்கு மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, என்ன செய்வது? நேற்று இரண்டு பேர் கேட்டார்கள், முந்தாநாள் மூன்று பேர். முகப்பிலேயே பதில் தொங்குகிறது, இவர்களுக்கெல்லாம் கண் எதற்கு இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கேள்விக்கும் பூட்டுப் போட்டார்.

அவர் டயர் கடைக்காரர். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசுகிற ‘தொட்டி மன்றம்’ என்ற இணையதளத்தில்தான் அவர் வாளி அண்ணன். எட்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு பாடம் எழுதினார். குழாய்த் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றாதீர்கள், அதில் குளோரின் இருக்கும், அகலமான வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வையுங்கள், மருந்து பறந்துவிடும், பிறகு ஊற்றுங்கள். அவ்வளவுதான் பாடம். ஆனால் அதைப் படித்து எத்தனையோ பேர் மீன் வளர்த்தார்கள், அதனால் அது மன்றத்தின் உச்சியில் நிரந்தரமாக ஏறி உட்கார்ந்துகொண்டது. அண்ணனுக்கும் அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

மன்றத்தில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே நகரத்துக்காரர்கள், அண்ணனின் கடை எது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதை நிர்வகிப்பது இரண்டே பேர். ஒருவர் இவர், இன்னொருவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கணக்குத் தணிக்கையாளர், அவரை எல்லோரும் பென்சன் என்பார்கள். புதிதாக வருகிறவன் பழைய கேள்வியைக் கேட்டால் ‘தேடிப் படி’ என்று முத்திரை குத்திப் பூட்டிவிட வேண்டும் என்ற சட்டம் பென்சன் கொண்டுவந்தது. பூட்டிய கேள்விக்கு யாரும் பதில் எழுத முடியாது, கேட்டவரும் கூட. பென்சன் முத்திரையோடு நிறுத்திக்கொள்வார். நம் அண்ணனுக்கு அது போதாது, போகிறபோக்கில் ஒரு குத்தலும் எழுதினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

வேடிக்கை என்னவென்றால், கடையில் அவர் பொறுமையின் சிகரம். வண்டிக்குக் காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் கேட்பார்கள். ஆள் உயரப் பலகையில் அதைத்தான் எழுதி மாட்டியிருக்கிறார். ஒருவரிடமாவது பலகையைப் படி என்று சொன்னது கிடையாது, ஒவ்வொருவருக்கும் சிரித்தபடி சொல்லுவார். கடையில் ரசீது போடுகிற அவர் மனைவி இதை ஒருநாள் எடுத்துக்காட்டி, மன்றத்துக்கு வருகிறவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டாள். அது வேறு இது வேறு என்றார். எப்படி வேறு என்று அவள் திரும்பக் கேட்டபோது, அவசரமாக ஜாக்கியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அன்று காலை பூட்டிய கேள்வி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்ணுடையது. மன்றத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் ‘லேப்’. மூன்று வாரத்தில் அது அவளுடைய நாலாவது கேள்வி. முதல் தடவை ஒன்பது மீனும் மேலே வந்து தவிக்கின்றன என்றாள். முத்திரை குத்திப் பூட்டினார். இரண்டாவது தடவை மூன்று செத்துவிட்டன என்றாள். வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பீர்கள் என்று எழுதிப் பூட்டினார். மூன்றாவது தடவை, நான் பாடத்தை வரி பிசகாமல் செய்தேன் என்று நேரத்தோடு, அளவோடு பட்டியல் போட்டிருந்தாள். அதைப் படிக்கக்கூட இல்லை மனுஷன். ‘உங்க கைக்குப் பூச்செடியே போதும் மேடம்’ என்று எழுதினார். அறுபத்திரண்டு பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அந்த அறுபத்திரண்டையும் அவர் மனைவியிடம் வேறு காட்டினார், பெரிய பட்டம் வாங்கிய மாதிரி.

நாலாவது கேள்வி மிகச் சின்னது. எட்டு செத்துவிட்டன, ஒன்றுதான் மிச்சம், தொட்டி அழுக்காகிவிட்டது, இன்று தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும், வாளியில் வைத்த தண்ணீரை ஊற்றட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தை போதும். அவ்வளவுதான் கேட்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பூட்டு.

பதினொன்றரை மணிக்கு ஒரு ஸ்கூட்டர் கடை வாசலில் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாத ஒரு பெண் இறங்கினாள். கால் வைக்கிற இடத்தில் வாளியில் வைத்த தண்ணீர் நிரப்பிய இருபது லிட்டர் கேன், கைப்பிடியில் தொங்கிய பையில் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள், தொட்டியிலிருந்து அள்ளிய கலங்கல் தண்ணீரில், முட்டைக்கண்ணோடு ஒரு கறுப்பு மீன். கேனை அவளே இழுத்து வந்து அண்ணன் முன்னால் தொப்பென்று வைத்தாள். ஜாடியை அடுக்கிவைத்த டயர்களின் மேல் வைத்தாள்.

“நீங்கதானே வாளி அண்ணன்? காலையில ஒரு வார்த்தை கேட்டேன், பூட்டிட்டீங்க. அதான் நேர்ல வந்துட்டேன்.”

யாரோ ரசிகை என்று முதலில் பல்லைக் காட்டியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். குழாய் பதிக்கும் நகராட்சி ஃபிட்டர் ஒருவர் பஞ்சர் போடக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிவிட்டாள். இத்தனை பேர் நடுவில் விட்டுக்கொடுக்க முடியுமா? பாடத்தைப் படித்தாயா என்று கேட்டார். அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். எத்தனை நேரம் தண்ணீரைத் திறந்து வைத்தாய் என்று கேட்டார்.

“ஒரு நாள்னு நீங்க எழுதியிருக்கீங்க. நான் ரெண்டு நாள் வச்சேன். நாள் முழுக்க அடுத்தவங்க ரத்தத்தை அளக்குறவ நான். என்னைப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன்னு சொன்னீங்க.”

“அப்போ என்னம்மா பயம்? தைரியமா அந்த மீனை இதுல விடு.”

“விடுறேன். முதல்ல உங்க மீனை விடுங்க.”

சுவரோரத்தில் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் அண்ணனின் தொட்டி இருந்தது. அதில் இன்ஸ்பெக்டர் என்று ஒரு மீன், உள்ளங்கை அகலம், கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். கடைக்கு யார் வந்தாலும் கண்ணாடிக்கு அருகில் வந்து முறைத்துப் பார்ப்பதால் அந்தப் பதவி. குஞ்சாக வாங்கி அண்ணன் கையாலேயே தீனி போட்டு வளர்த்தது. அதை ஏன் இதில் இழுக்க வேண்டும் என்று அவர் இழுத்தபோது, பாடம் எங்கள் மீனுக்கு மட்டும்தானா என்று அவள் கேட்டுவிட்டாள். ஸ்டூலில் இருந்த ஃபிட்டர் களுக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. பஞ்சர் பார்க்க டியூப் அமிழ்த்துகிற வேலைக்கென்று வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த புதுப் பிளாஸ்டிக் தொட்டியை எடுத்தார், கேனைக் கவிழ்த்தார், வலையை எடுத்தார். வேண்டாங்க என்றாள் மனைவி. அவர் காதில் விழுந்தால்தானே.

முதல் கால்மணி நேரம் இன்ஸ்பெக்டர் ஜம்மென்று நீந்தியது. அண்ணனுக்கு வாய் அடங்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் எப்படிச் சோம்பேறிகள், எப்படி எல்லாவற்றையும் ஊட்டிவிடச் சொல்கிறார்கள், தப்பைத் தாங்கள் செய்துவிட்டு எப்படித் தண்ணீரின் மேல் பழி போடுகிறார்கள் என்று பஞ்சர் போட வந்தவர்களுக்கெல்லாம் பிரசங்கம். அரைமணியில் மீன் அசையாமல் மேல்மட்டத்தில் நின்றது. புது இடம், மிரள்கிறது என்றார். இன்னும் பத்து நிமிடத்தில் செவுள் படபடவென்று அடித்தது. அதற்கும் ஏதோ காரணம் சொன்னார், ஆனால் குரல் இறங்கிவிட்டது. ஒருமணி நேரம் ஆனபோது இன்ஸ்பெக்டர் தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூன்று வாரமாக அவர் தினமும் படித்துப் பூட்டிய வரிகள், அப்படியே கண் முன்னால்.

அண்ணன் வலையைக்கூடத் தேடவில்லை. இரண்டு கையாலும் அதை அள்ளிக்கொண்டு ஓடித் தன் தொட்டியில் விட்டார். அது மெதுவாக நிமிர்ந்தது.

“குழாய்த் தண்ணிக்கு மருந்து மாத்தி ஒரு மாசம் ஆச்சே சார்,” என்றார் ஃபிட்டர், எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல. “முன்னாடி போட்டது திறந்து வச்சா பறந்துடும். இது அவ்வளவு சீக்கிரம் பறக்காது. கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் நிக்கணும்னு இதைப் போடுறாங்க. குடிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நோட்டீஸ் ஒட்டினோமே, நீங்க படிக்கலையா?”

அந்தப் பெண் அண்ணனைப் பார்த்தாள். “உங்க தொட்டில என்ன தண்ணி?”

அவர் தன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். மனைவிதான் பதில் சொன்னாள். “போர் தண்ணிம்மா. கடைக்கும் அதான், வீட்டுக்கும் அதான். குழாய்த் தண்ணிய நாங்க தொட்டு ஆறு வருஷம் ஆச்சு.”

குடும்மா உன் மீனை, என் தொட்டியிலேயே விடுகிறேன் என்று அண்ணன் அவசரமாக டயர் அடுக்குப் பக்கம் திரும்பினார். ஜாடியில் முட்டைக்கண்ணன் வயிறு மேலாகக் கிடந்தது. எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஒருமணி நேரமாகக் கடையில் இருந்த அத்தனை கண்ணும் இன்ஸ்பெக்டர் மேலேயே இருந்தன, அவளுடைய கண்ணும்தான். ஐந்தடி தூரத்தில் நல்ல தண்ணீர் நிறைந்த தொட்டி இருந்தது. இதில் விடு என்று வந்தவுடனே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும். சொல்லவில்லை. அவருக்குத் தான் சொன்னது சரி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

அவள் அழுதாள். துக்கத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்த அழுகை அது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“பேசாதீங்க. மூணு வாரமா நாங்க எல்லாரும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் இருந்தோம். ஒரே நேரத்துல எதுக்கு இத்தனை பேர் இதையே கேக்குறாங்கன்னு உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணலையா?”

ஜாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலிக் கேன் அங்கேயே கிடந்தது.

அண்ணன் கடையின் உள்ளறைக்குப் போய் டயர் மேல் உட்கார்ந்து மன்றத்தைத் திறந்தார். மூன்று வாரத்தில் எத்தனை பேரின் கேள்விகளைப் பூட்டியிருக்கிறார் என்று எண்ணினார். நாற்பத்தொன்று. அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் அதே கேள்வியைக் கேட்டவர்கள் ஐந்து. ஐந்து நாற்பத்தொன்று ஆனதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்த தன் மண்டையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. அதைவிட ஒன்று அவரை அறுத்தது. அந்த நாற்பத்தொரு பேரையும் அவர்தான் ‘பாடத்தைப் படி’ என்று விரட்டினார். படித்தார்கள், வாளியில் பிடித்து வைத்தார்கள், நம்பி ஊற்றினார்கள். சொன்ன பேச்சைக் கேட்டவர்களின் மீன்கள்தான் செத்தன. பாடத்தைப் படிக்காத சோம்பேறி எவனாவது வளர்ப்பு மீன் கடைக்காரன் கொடுத்த, குழாய் மருந்தை முறிக்கும் சொட்டை விட்டிருந்தால், அவன் மீன் உயிரோடு இருக்கும்.

எட்டு வருடப் பாடத்தை உச்சியிலிருந்து இறக்கினார். வைத்த தண்ணீரையும் இப்போது நம்பாதீர்கள், மருந்தை முறிக்கும் சொட்டு கடையில் கிடைக்கும், அது இல்லாமல் ஊற்றாதீர்கள், இத்தனை நாள் நான் சொன்னது தப்பு என்று அதன் இடத்தில் எழுதி ஒட்டினார். பிறகு பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தார். ஒருவர் உடனே பதில் போட்டார்: தொட்டியைப் பால்கனியில் கவிழ்த்து வைத்துவிட்டேன், செருப்பு வைக்க வசதியாக இருக்கிறது, நன்றி. இன்னொருவர் எழுதியதை இங்கே எழுத முடியாது.

லேப் பெண்ணின் கேள்வியைக் கடைசியாகத்தான் திறந்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தபோதே, பூட்டுத் திறந்ததைப் பார்த்து அவள் எழுதிவிட்டாள். ‘ஒன்பதாவது மீன். இறந்த இடம்: வாளி அண்ணனின் கடை. காரணம்: ஒருமணி நேரம் காக்க வைத்தது.’

ஐந்து நிமிடத்தில் பென்சனின் அழைப்பு வந்தது. மன்றத்துக்கே அசிங்கம், அந்தப் பெண் எழுதியதை நீக்கிவிடட்டுமா, பொதுவாக ஒரு அறிவிப்புப் போட்டால் போதாதா, நாற்பத்தொரு பேருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதுவது என்ன பைத்தியக்காரத்தனம் என்றார்.

“அது மேல கை வச்சீங்கன்னா உங்களை நீக்கிடுவேன்,” என்றார் அண்ணன். “அவங்க ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க. நான் ஒவ்வொருத்தருக்கா சொல்லுறேன்.”

அழைப்பைத் துண்டித்தார். அதற்குள் புதிதாக ஒருவன் வந்து, என் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, ஏன் என்று கேட்டிருந்தான். உச்சியில் எழுதி ஒட்டியதை அவன் படிக்கவில்லை. அண்ணனுக்கு இப்போதும் சுர்ரென்றுதான் வந்தது. எத்தனை உயிரோடு இருக்கின்றன, எந்தப் பகுதித் தண்ணீர் என்று அவனிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கைப்பேசியைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.