வெர்னரின் ஏழாவது அம்பு

வெர்னர் எய்த அம்பு குகநாதனை வந்தடைய மூன்று வருடங்கள் பிடித்தது. 1984 புரட்டாசியில் இன்டர்லாக்கனுக்கு மேலே காட்டின் விளிம்பில் அது நாணை விட்டது. 1987 கார்த்திகையில் பேர்ண் நகரத்து அலுவலகம் ஒன்றின் இரண்டாம் மாடியில் அவனுடைய நெஞ்சுக்குள் போய் நின்றது. இடையில் அது எங்கும் தங்கவில்லை. நத்தையின் வேகத்தில், ஓர் ஆளின் நெஞ்சளவு உயரத்தில் வந்துகொண்டே இருந்தது. ஏரி வந்தால் தண்ணீருக்கு மேலால் வந்தது. மரம் வந்தால் துளைத்துக்கொண்டு வந்தது.

குகநாதன் கோப்பை கழுவிய ஹோட்டல் முதலாளியின் மைத்துனர்தான் வெர்னர். ஹோட்டலுக்கு மான் இறைச்சி கொடுத்தவரும் அவரே. அந்த நாட்டில் வில்லால் வேட்டையாடுவது குற்றம். ஆனாலும் தனக்கு அனுமதித்த மான்கள் முடிந்த பிறகு அவர் வெடிச்சத்தம் கேட்கும் துவக்கை வீட்டில் வைத்துவிட்டு வில்லோடு போவார். வில்லுக்குச் சத்தம் இல்லை. அவருடைய அம்புக்கூடு சாமிப் படங்களில் இருப்பதுபோல் முதுகில் தொங்குவதல்ல, வில்லின் பக்கத்திலேயே பூட்டியிருப்பது. அதில் ஆறு அம்புகளுக்கு இடம் இருந்தது. அவர் ஏழு கொண்டுபோவார். கூடின பாரத்தால் வில் ஒரு பக்கம் சரியும், குறி பிசகும் என்று மற்ற வேட்டைக்காரர்கள் சொல்லியும் கேட்கவில்லை. மானுக்கு ஒன்று போதுமே, மிச்சம் எதற்கு என்று மைத்துனர் கேட்டதற்கு, காட்டில் மான் மட்டுமா நிற்கிறது என்று திருப்பிக் கேட்டாராம். இடமில்லாத இடத்தில் செருகிய அந்த ஏழாவது அம்பு ஒரு நாள் நழுவிப் புல்லில் விழுந்தது.

அன்று விஜயதசமி. மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் கிடைத்த ஓய்வில் குகநாதன் மேலே நடக்கப் போயிருந்தான். யாழ்ப்பாணத்தில் அவனுடைய ஊர்க் கோயிலில் அன்றைக்குச் சாமி குதிரையேறி வேட்டைக்குப் போகும். ஐயர் எய்கிற அம்பை எடுக்கச் சனம் அடிபடும். கிடைத்தவர்கள் அதை வீட்டுச் சாமியறையில் வைத்து விளக்கேற்றுவார்கள். புல்லில் அம்பைக் கண்டதும் அவன் சுற்றிப் பார்த்தான். அடிபட ஒருவரும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதை இரண்டு கையாலும் எடுத்தான். ஹோட்டல் கூரைக்குக் கீழே நாங்கள் ஐந்து பேர் படுத்த அறையில், முருகன் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசினான்.

“சுவிஸ்காரன்ரை அம்படா அது. பிளாஸ்டிக் இறகு” என்றான் அவனோடு வேலை செய்த யோகராஜா.

“சாமி எந்தக் கடையிலை வாங்கினால் உனக்கென்ன மச்சான்?”

அம்பின் தண்டில் வெர்னர் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பொறித்திருந்தார். யாரும் அதைக் காவல்துறையிடம் கொண்டுபோனால் அவருடைய வேட்டை அனுமதி போய்விடும். அடுத்த நாள் காலை சமையலறைக் கதவடியில் வந்து நின்று அம்பைக் கேட்டார். சாமி போட்டதைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று சொல்லும்படி குகநாதன் யோகராஜாவிடம் சொன்னான். யோகராஜாவுக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சாமியும் இல்லை, வழக்கமும் இல்லை. அவன் ‘இல்லை’ என்பதை மட்டும் மொழிபெயர்த்தான். வெர்னர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் குகநாதன் கழிவு வாளியோடு வெளியே வந்தபோது, காட்டின் விளிம்பில் நின்று அவனுடைய நெஞ்சைக் குறிபார்த்து எய்தார். அம்பு வருவதைக் குகநாதன் பார்த்துக்கொண்டு நின்றான். வெகுநேரமாகியும் அது வந்து சேராததால், வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் வெங்காயம் உரித்தான்.

காவல்துறை வந்தது. அந்தரத்தில் ஊர்ந்துகொண்டிருந்ததை அதிகாரி ஒருவர் சுற்றி நடந்து பார்த்தார். இந்த மாநிலத்தில் வில்வேட்டை தடைசெய்யப்பட்டிருப்பதால் இது அம்பாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். யோகராஜா அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்து உள்ளங்கைத் தோலை இழந்தான். குறுக்கே பிடித்த பெரிய சட்டி மூடி, அடுப்பு மூட்டுவதற்குள் ஓட்டையானது. லுசேர்ணில் ஓர் உணவகம் குகநாதனுக்கு வேலை தருவதாகச் சொன்னது. ஆனால் அது வேறு மாநிலம். அகதி விண்ணப்பம் முடியும்வரை அவன் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. அனுமதி கேட்டதற்கு, சொந்த நாட்டில் உள்ள ஆபத்துகளை மட்டுமே கவனத்தில் எடுப்போம், இங்கே வந்த பிறகு ஏற்பட்டதை அல்ல என்று பதில் வந்தது. கடைசியில் அவனை ஓஸ்டர்முண்டிகனுக்கு மாற்றினார்கள். அங்கே ஆஸ்பத்திரி ஒன்றில் நிலம் துடைத்தான். அம்பு தலையைத் திருப்பிக்கொண்டு தூன் ஏரிக்கு மேலால் புறப்பட்டது.

வழியில் இருந்த ஊர்க்காரர்கள் துணி காயப்போடும் கொடிகளைத் தள்ளிக் கட்டினார்கள். மாடுகளை வேறு பக்கம் மேய்த்தார்கள். அந்தச் சிரமத்துக்கெல்லாம் எங்களைத்தான் திட்டினார்கள். இரண்டாம் வருடம் எல்லோரும் அதைத் தமிழ் அம்பு என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கோப் கடையில் வரிசையில் நின்ற குகநாதனிடம் ஒரு கிழவி, உன்னுடைய அம்பை உன் நாட்டுக்குக் கொண்டுபோ என்றாள். வெர்னரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல ஹோட்டலுக்கு மான் கொடுத்தார்.

இன்டர்லாக்கனிலேயே தங்கிவிட்ட யோகராஜா சனிக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான்.

“உன்ரை ஆள் தூன் தாண்டிட்டார் மச்சான். வடிவாச் சமைச்சு வை.”

“வரட்டும். கிட்ட வரேக்கை அரிசி போடுறன்.”

அவர்களிடம் ஒரு திட்டம் இருந்தது. அம்பு ஓஸ்டர்முண்டிகனை நெருங்கியதும் குகநாதன் ரயிலேறி இன்டர்லாக்கனுக்குப் போய்விடுவான். அது திரும்பி வர இன்னும் மூன்று வருடம் ஆகும். அப்படியே கிழவனாகிவிடலாம் என்று சிரித்தார்கள். பை கட்டி வைத்திருந்தான். அம்பு நெருங்கிய கிழமைதான் அகதி விசாரணைக்கு அழைப்பு வந்தது. போகாவிட்டால் விண்ணப்பம் முடிந்துவிடும். அவனுடைய மனைவி ஞானேஸ்வரி யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குப் பயந்து பதுங்கு குழிக்குள் இருந்தாள். அவனை ஏற்றுக்கொண்டால்தான் அவளைக் கூப்பிடலாம். அவன் பையை அவிழ்த்து நல்ல சேர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனான்.

விசாரணை நடந்தபோது ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று விழுந்தது. கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று குகநாதன் கேட்டான். பதிவு முடியும்வரை யாரும் இடம் மாறக் கூடாது என்றார் அதிகாரி.

“எழும்பினால் விசாரணை முடிஞ்சுதாம்” என்றார் மொழிபெயர்ப்பாளர், மேசையைப் பார்த்தபடி.

அவன் எழும்பவில்லை. தன்னைப் பிடித்துக்கொண்டு போன நாளையும் அடித்த இடத்தையும் ஒழுங்காகச் சொன்னான். அம்பு சேர்ட்டைத் தொட்டபோது தம்பியின் சாவைச் சொல்லிக்கொண்டிருந்தான். குரல் மாறவில்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்த பிறகே சாய்ந்தான். அவன் சொன்னதில் முரண் எதுவும் இல்லை என்று விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

ஞானேஸ்வரி தை பிறப்பதற்கு முன் வந்து சேர்ந்தாள். ஓஸ்டர்முண்டிகனில் கணவனின் அறையில் முருகன் படமும் சந்தனம் காய்ந்த ஏழாவது அம்பும் இருந்தன. விளக்கேற்றினாள். விடிந்தபோது அம்பு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அதைச் சாமிக்கு நேரே வைத்தாள். மறுநாளும் திரும்பியிருந்தது.

“அங்காலை ஆர் இருக்கினம் அண்ணை?” என்று, அவளுக்குத் துணையாகச் சனிக்கிழமைகளில் வந்துபோன யோகராஜாவைக் கேட்டாள்.

“அங்காலை இன்டர்லாக்கன், பிள்ளை.”

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். சேதி எப்படியோ வெர்னருக்குப் போனது. அவரிடம் சிவப்புக் கடவுச்சீட்டு இருந்தது; எந்த மாநிலத்துக்கும் எந்த நாட்டுக்கும் போகலாம். தென் பிரான்சில் இருக்கும் மகளிடம் போய்விட்டார் என்றார்கள். அம்பு தலையைத் தென்மேற்கே திருப்பிக்கொண்டது. சந்தனம் பூசிய அம்பு மற்றதைவிட மெதுவானது. தை முழுவதும் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அது ஜன்னலில் நின்றது. அதன் தலையில் பனி விழுந்தது. கட்டடப் பராமரிப்பாளர் படியேறி வந்து, குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து வெப்பத்தை வீணாக்குகிறீர்களே, இது என்ன உங்கள் ஊரா என்று சத்தம் போட்டார். யோகராஜா மொழிபெயர்த்தான்.

“பொறுக்கச் சொல்லுங்கோ அண்ணை. வால் இன்னும் வெளியாலை போகேல்லை” என்றாள் ஞானேஸ்வரி.

பராமரிப்பாளர் உள்ளே வந்து பார்த்தார். குனிந்து, அந்த அறையின் வெப்பக் குழாயை மட்டும் அடைத்துவிட்டுப் போனார்.